டிங்கிக் காய்ச்சலால் ரத்தான பயணத்துக்கு இழப்பீடு மறுத்தது குறித்துப் புகார்

அனுப்புநர்:
பயணக் காப்புறுதிப் பாலிசிதாரர்,
சுங்கை சிப்புட், பேரா.

பெறுநர்:
இழப்பீட்டுப் பிரிவு மேலாளர் அவர்கள்,
கோலாலம்பூர் தலைமையகம்.

மதிப்பிற்குரிய ஐயா/அம்மா,

செப்டம்பர் பள்ளி விடுமுறையில் குடும்பத்தோடு திருச்சி, தஞ்சாவூர், கொடைக்கானல் போய்வர ஏற்பாடு செய்திருந்தோம். என் கணவரின் தாத்தா பால்மரம் சீவ மலாயாவுக்கு வந்தபோது விட்டுவந்த ஊர் தஞ்சாவூர்ப் பக்கம்தான். பிள்ளைகளுக்கு அதை ஒருமுறை காட்டிவிட வேண்டும் என்பது என் கணவருடைய நெடுநாள் ஆசை. கிளம்ப இரண்டு நாள் இருக்கும்போது டிங்கிக் காய்ச்சலால் அவரை மருத்துவமனையில் சேர்க்க வேண்டியதாயிற்று. பயணம் ரத்தானது. நான் கேட்ட 4,180 ரிங்கிட் இழப்பீட்டை நீங்கள் மறுத்துவிட்டீர்கள்.

மறுப்புக் கடிதம் இரண்டு காரணங்களைச் சொல்கிறது. அவருக்கு இனிப்பு நீர் (நீரிழிவு) இருக்கிறது, ஆகவே இது ‘பாலிசிக்கு முன்பே இருந்த நோய்’ என்பது முதல் காரணம். அதை நாங்கள் சொல்லாமல் மறைத்தோம் என்பது இரண்டாவது. இரண்டையும் என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை.

அவருக்கு இனிப்பு நீர் இருப்பது உண்மை. மாத்திரையில் கட்டுப்பாட்டில் இருக்கிறது, செம்பனை ஆலையில் ஷிப்ட் தவறாமல் வேலைக்குப் போகிறார். ஆனால் டிங்கி ஏடிஸ் கொசு கடித்து வருவது. கிருமி உடம்பில் ஏறினால் அதிகம் போனால் இரண்டு வாரத்துக்குள் காய்ச்சல் காட்டிவிடும். நான் பாலிசி எடுத்தது ஜூலையில், அவர் படுத்தது செப்டம்பரில். பாலிசி எடுத்த நாளில் அவர் உடம்பில் இல்லாத காய்ச்சல் எப்படி ‘முன்பே இருந்த நோய்’ ஆகும்? மருத்துவரின் கடிதத்திலும் டிங்கி என்றுதான் எழுதியிருக்கிறது. அதை உங்கள் அலுவலகத்தில் யாராவது முழுதாகப் படித்தார்களா என்றே எனக்குச் சந்தேகம்.

அந்த நாட்களைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். டிங்கியில் காய்ச்சல் விடும் நேரம்தான் ஆபத்தான நேரம் என்று தாதி எங்களிடம் சொன்னார். அப்படியே நடந்தது. சூடு தணிந்து கஞ்சி கேட்ட அன்று மாலையே அவருடைய பிளேட்லெட் (ரத்தம் உறைய உதவும் அணுக்கள்) எண்ணிக்கை 31,000-க்கு இறங்கியிருந்தது. ஒரு லட்சத்து ஐம்பதாயிரத்துக்கு மேல் இருக்க வேண்டியது அது. முன்கையெல்லாம் கடுகு தூவியதுபோல் சிவப்புப் புள்ளிகள், பல் துலக்கினால் ஈறில் ரத்தம். அந்த நிலையில் அவரை விமானத்தில் ஏற்ற எந்த மருத்துவர் சம்மதிப்பார்? ‘பயணம் செய்யத் தகுதியில்லை’ என்று அவர்களே எழுதிக் கொடுத்தார்கள்.

அடுத்து, மறைத்தோம் என்ற குற்றச்சாட்டு. இதுதான் என்னை மிகவும் புண்படுத்தியது. பாலிசியை உங்கள் முகவர் என் முன்னால் உட்கார்ந்து கைப்பேசியிலேயே பதிவு செய்தார். பெயர், பாஸ்போர்ட் எண், பயணத் தேதி, வாரிசு பெயர். அவ்வளவுதான் கேட்டார். உடல்நலம் பற்றி ஒரு கேள்விகூட அந்தப் படிவத்தில் கிடையாது, நகலை இணைத்திருக்கிறேன். 2013-ஆம் ஆண்டு நிதிச் சேவைகள் சட்டத்தின் 9-ஆவது அட்டவணைப்படி, காப்புறுதி நிறுவனம் கேட்கும் கேள்விகளுக்கு வாடிக்கையாளர் கவனமாக, உண்மையாகப் பதில் சொல்ல வேண்டும். கேட்டிருந்தால் சொல்லியிருப்போம். கேட்காமலே விற்றுவிட்டு, பணம் கொடுக்க வேண்டிய நேரத்தில் எங்களைப் பொய்யர்களாக்குவது நியாயமில்லை.

உங்கள் அழைப்பு மையத்தில் பேசியபோது புதிதாக இன்னொன்று சொன்னார்கள். முதல் சீட்டு தோட்டக் கிளினிக்கில் வாங்கியதாம், அது மருத்துவர் கொடுத்தது இல்லையாம், அதனால் செல்லாதாம். எங்கள் தோட்டத்து டிரசர் முறையாகப் பதிவு பெற்ற மருத்துவ உதவியாளர். தோட்டத்தில் இருப்பவர்கள் காய்ச்சல் என்றால் முதலில் அவரிடம்தான் போவோம். டிங்கியாக இருக்கும் என்று சந்தேகித்து உடனே மருத்துவமனைக்கு அனுப்பியவரும் அவர்தான். சரி, அந்தச் சீட்டு வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள். அரசு மருத்துவமனையின் சேர்க்கைக் கடிதம், ரத்தப் பரிசோதனை முடிவுகள், வீட்டுக்கு அனுப்பியபோது தந்த அறிக்கை மூன்றும் முதல் மனுவிலிருந்தே உங்களிடம் இருக்கின்றன.

விமான நிறுவனம் விமான நிலைய வரியை மட்டும் திருப்பித் தந்தது. அதைக் கழித்துவிட்டுத்தான் டிக்கெட், தங்கும் விடுதி, வேன் முன்பணம் ஆகியவற்றைக் கேட்டிருக்கிறேன். எல்லாவற்றுக்கும் ரசீது உண்டு.

என் மனுவை மறுபரிசீலனை செய்து தொகையை முழுமையாக வழங்க வேண்டும். ‘மறைத்தார்கள்’ என்ற வாசகத்தை எங்கள் கோப்பிலிருந்து நீக்கி, அதை எழுத்தில் உறுதிப்படுத்தவும் வேண்டும். நாளை வேறு காப்புறுதி எடுக்கும்போது அது என் கணவருக்குக் குறுக்கே நிற்கக்கூடாது. மறுபடியும் மறுப்பதாக இருந்தால், டிங்கிக்கும் இனிப்பு நீருக்கும் என்ன தொடர்பு என்பதை உங்கள் மருத்துவ ஆலோசகரின் கையொப்பத்தோடு எழுதி, அதுவே இறுதி முடிவு என்றும் குறிப்பிடுங்கள். அந்தக் கடிதத்தோடு எஃப்எம்ஓஎஸ் எனப்படும் நிதிச் சந்தைக் குறைதீர்ப்புச் சேவையிடம் முறையிடுவேன். இறுதி முடிவு வந்து 6 மாதங்களுக்குள் அங்கே போகலாம், வாடிக்கையாளருக்குக் கட்டணம் இல்லை என்பது எனக்குத் தெரியும்.

14 நாட்களுக்குள் உங்கள் பதிலை எழுத்தில் எதிர்பார்க்கிறேன்.

இப்படிக்கு,
பாலிசிதாரர்