மூலையில் இருக்கும் எக்ஸ்பி கணினி: பதிப்பாளர்களுக்கும் அச்சக உரிமையாளர்களுக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய பதிப்பாளர்களே, அச்சக உரிமையாளர்களே,

வணக்கம். உங்கள் அலுவலக மூலையில் துணி போர்த்திய பழைய கணினி ஒன்று இருக்கும். விண்டோஸ் எக்ஸ்பி, பேஜ்மேக்கர் 7 என்னும் பக்க வடிவமைப்பு மென்பொருள், யூனிகோடு என்ற பொதுக் குறியீட்டு முறைக்கு முந்தைய தமிழ் எழுத்துருக்கள். மறுபதிப்பு வரும்போது மட்டும் துணியை விலக்குவீர்கள். அதைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

நான் பக்கம் வடிவமைத்துக் கொடுக்கும் ஒரு பதிப்பகத்தில், சென்ற ஆண்டு அந்தக் கணினியின் ஹார்டு டிஸ்க் நின்றுவிட்டது. நூலின் கோப்பு சிடியில் பத்திரமாக இருந்தது. அதற்குரிய எழுத்துருவும் மென்பொருளும் டிஸ்கோடு போயின. நான்கே பிழைகளைத் திருத்த வேண்டிய அறுநூறு பக்க நூலை முதலிலிருந்து தட்டச்சு செய்து, மூன்று முறை மெய்ப்புப் பார்த்தோம். அந்த அலுப்பு இன்னும் தீரவில்லை.

யூனிகோடுக்கு மாற்றிவிடலாமே என்பார்கள். புதிய நூல்களுக்கு அதுதான் சரி. தமிழக அரசே 2010-இல் யூனிகோடை ஏற்றுவிட்டது. ஆனால் எழுத்துருமாற்றி உரையை மட்டுமே மாற்றும். வரிகள் இடம் மாறும், அடிக்குறிப்பு அடுத்த பக்கத்துக்கு ஓடும், சொல்லடைவின் பக்க எண்கள் அத்தனையும் தவறாகும்.

வழி இருக்கிறது. வர்ச்சுவல்பாக்ஸ் போன்ற மென்பொருளை நிறுவினால், இன்றைய கணினியின் திரையிலேயே ஒரு சாளரத்துக்குள் எக்ஸ்பி இயங்கும். அடியில் இருப்பது விண்டோஸ் அல்லாத லினக்ஸ் இயங்குதளமாக இருந்தாலும் பேஜ்மேக்கருக்கு அது தெரியாது. 512 எம்பி நினைவகம் ஒதுக்கினாலே தாராளம். எக்ஸ்பி, எழுத்துருக்கள், மென்பொருள் எல்லாம் அடங்கிய அந்த மெய்நிகர் டிஸ்க் வெறும் ஒரு கோப்புதான். இரண்டு வெளி டிஸ்குகளில் நகலெடுத்து வைத்துக்கொள்ளலாம். 2025 அக்டோபர் 14-உடன் விண்டோஸ் 10-க்கான ஆதரவு முடிந்த பிறகும், பேஜ்மேக்கரை நினைத்தே லினக்ஸுக்குப் போகத் தயங்கும் அலுவலகங்களை எனக்குத் தெரியும். அந்தத் தயக்கம் தேவையில்லை.

உள்ளே இருக்கும் எக்ஸ்பிக்கு மட்டும் இணைய இணைப்பைக் கொடுக்காதீர்கள். 2014 ஏப்ரலோடு அதற்கான பாதுகாப்புத் திருத்தங்கள் நின்றுவிட்டன. கோப்புகளை எடுக்கவும் வைக்கவும் பகிர்வுக் கோப்புறை போதும். பழைய டிஸ்கை அப்படியே படியெடுத்தால் எக்ஸ்பி மீண்டும் உரிம எண்ணைக் கேட்கலாம்; கணினிப் பெட்டியில் ஒட்டியிருக்கும் எண் அழிவதற்குள் எழுதிவையுங்கள். அந்தக் கணினியோடு மட்டுமே வந்த உரிமம் என்றால் வேறொன்று வாங்க வேண்டியிருக்கும்.

இவற்றுக்கு ஒரு முழு நாள் வேண்டும். அதுவரை, இன்று மாலை அலுவலகத்தைப் பூட்டும் முன் அந்தக் கணினியைத் திறந்து, எழுத்துருக் கோப்புறையை மட்டுமாவது ஒரு பென் டிரைவில் நகலெடுத்துவிடுங்கள். ஐந்து நிமிட வேலை.

அன்புடன்,
பக்க வடிவமைப்பாளர் ஒருவர்