செயலாளரின் ஆண்டறிக்கை, 2023–24

பேரவைத் தலைவர் அவர்களுக்கும் தோழர்களுக்கும் வணக்கம்.

சென்ற ஆண்டு நமது சங்கத்தின் நேரத்தையும் நிதியையும் பெரும்பாலும் எடுத்துக்கொண்டது ஒரே தாவாதான் (தொழிற்தகராறு). ஊதிய உயர்வு குறித்த சமரசப் பேச்சு தொழிலாளர் துறையில் நிலுவையில் இருந்தபோதே, நம் கிளை நிர்வாகிகள் மூவரை, ஒழுங்கீனம் என்று குற்றம் சாட்டி, ஒரு நிர்வாகம் வேலையை விட்டு நீக்கியது. வழக்கு முடியாததால் நிறுவனத்தின் பெயரை இங்கே குறிப்பிடவில்லை.

தாவா நிலுவையில் இருக்கும் காலத்தில், அதோடு தொடர்பில்லாத ஒழுங்கீனத்துக்காக ஒருவரை நீக்குவதானாலும், ஒரு மாதச் சம்பளத்தைக் கொடுத்து, தாவாவை விசாரிக்கும் அதிகாரியிடம் ஒப்புதலுக்கு விண்ணப்பிக்க வேண்டும் என்றது, அப்போது நடப்பில் இருந்த 1947ஆம் ஆண்டுத் தொழிற்தகராறுகள் சட்டத்தின் 33(2)(பி) பிரிவு. மூவருக்கும் சம்பளம் வந்தது. விண்ணப்பம் மட்டும் போகவில்லை. அது வெறும் நடைமுறைக் குறை, நீக்கம் செல்லும் என்று நிர்வாகத் தரப்பு வாதிட்டது. 2002இல் ஜெய்ப்பூர் ஜிலா சஹகாரி பூமி விகாஸ் வங்கி வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு ஏற்க மறுத்த வாதம் அது. ஒப்புதல் இல்லாத நீக்கம் செல்லாது, தொழிலாளி வேலையில் தொடர்வதாகவே கொள்ள வேண்டும், 33ஏ பிரிவின்கீழ் அவர் தனியே புகார் கொடுக்க வேண்டியதுகூட இல்லை என்று அத்தீர்ப்பு கூறுகிறது. நகலைக் கொடுத்த பின் பேச்சின் தொனி மாறி, இருவர் வேலைக்குத் திரும்பினர். மூன்றாமவரை நீக்கவே இல்லை, தாமே விலகினார் என்று நிர்வாகம் இப்போது ஒரு கையெழுத்திட்ட தாளைக் காட்டுவதால், அது தொழிலாளர் நீதிமன்றத்துக்குப் போயிருக்கிறது. வெற்றுத் தாளில் கையெழுத்திட வேண்டாம் என்று மூன்று வாயிற்கூட்டங்களில் சொல்லியும் இது நடந்திருப்பது வருத்தம் தருகிறது.

சங்க வேலைக்காகப் பழிவாங்குவது அதே சட்டத்தின் ஐந்தாவது அட்டவணையின்படி நியாயமற்ற தொழிலாளர் நடைமுறை என்பதால், நிர்வாகத்தின் மீது நேரே வழக்குப் போடலாமே என்று பலர் கேட்டீர்கள். 25யூ பிரிவில் 6 மாதம் வரை சிறை அல்லது 1,000 ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும் என்று இருந்தது. ஆனால் 34ஆம் பிரிவின்படி, அரசு அல்லது அதன் அதிகாரம் பெற்றவர் புகார் செய்தால்தான் நீதிமன்றம் விசாரிக்க முடிந்தது. அனுமதி கேட்டு மனு அனுப்பியுள்ளோம். ஆயிரம் ரூபாய்க்கு அஞ்சும் முதலாளியை நான் இதுவரை பார்த்ததில்லை என்பது வேறு விஷயம்.

தற்காலிகத் தொழிலாளர் பிரச்சினையில் நிலைமை கடினம். அதை நியாயமற்ற நடைமுறை என்று காட்ட, அவர்களை ஆண்டுக்கணக்கில் அப்படியே வைத்திருந்தது மட்டும் போதவில்லை, நிரந்தர உரிமையை மறுக்கும் நோக்கமும் நிரூபிக்கப்பட வேண்டியிருந்தது. 2009இல் மகாராஷ்டிரப் போக்குவரத்துக் கழக வழக்கில், முறையான தேர்வின்றி அரசு வேலையில் தற்காலிகமாகச் சேர்ந்தவர்கள் நிரந்தரத்தை உரிமையாகக் கோர முடியாது என்ற 2006ஆம் ஆண்டு உமாதேவி தீர்ப்பு இருந்தாலும், நியாயமற்ற நடைமுறை நிரூபணமானால் அம்மாநிலச் சட்டப்படி தொழில் நீதிமன்றம் நிரந்தரம் வழங்கலாம் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது நமக்குத் துணை. அதைவிட, 24 மாதங்களில் 480 நாள் வேலை செய்தவருக்கு நிரந்தரம் தரும் நம் தமிழ்நாட்டின் 1981ஆம் ஆண்டுச் சட்டத்தில் நோக்கத்தை நிரூபிக்க வேண்டியதில்லை. நாள் கணக்கே போதும். ஆகவே வருகைச் சீட்டு, சம்பளச் சீட்டு, இ.எஸ்.ஐ. அட்டை ஆகியவற்றின் நகல்களை அனைவரும் ஜூலைக்குள் சங்க அலுவலகத்தில் ஒப்படைக்க வேண்டும்.

முன்பு சொன்ன ஐந்தாவது அட்டவணையின் இரண்டாம் பாகம், சங்கங்கள் செய்யக் கூடாதவற்றைப் பற்றியது. வேண்டுமென்றே வேலையை மந்தப்படுத்துவதும், கெராவோவும் (அதிகாரிகளைச் சூழ்ந்து வெளியேற விடாமல் தடுப்பது), நிர்வாகத்தினரின் வீட்டின் முன் ஆர்ப்பாட்டம் செய்வதும் அதில் அடங்கியிருந்தன. ஆகஸ்டில் மேலாளரின் வீட்டின் முன் நடக்கவிருந்த ஆர்ப்பாட்டத்தைச் செயற்குழு நிறுத்தியது இதனால்தான்.

வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே வைப்பார். இவ்வறிக்கையைப் பேரவையின் ஒப்புதலுக்கு வைக்கிறேன்.