இரண்டு ஏணி போதும்

எங்கள் ஊர் நாடக அரங்கின் நிர்வாகக் குழுவுக்கு,

வணக்கம். விஷயத்தை இரண்டு வரியில் ஆங்கிலத்தில் ஏற்கெனவே அனுப்பிவிட்டேன். மனம்விட்டுப் பேச எனக்குத் தமிழ்தான் வரும், அதனால் இந்த மடல். உங்கள் சந்தாதாரர்களில் தமிழர்கள் சிலர் உண்டு, படித்துச் சொல்வார்கள்.

அமெரிக்க நாடகாசிரியர் தார்ன்டன் வைல்டரின் 'அவர் டவுன்' நாடகத்தைப் போடப்போகிறீர்கள் என்று கேட்டதும் சந்தோஷப்பட்டேன். (தமிழில் எழுதினால் யாரோ 'அவருடைய' டவுன் மாதிரி இருக்கிறது, 'நம்ம ஊர்' என்று வைத்துக்கொள்வோம்.) 1938 ஜனவரி 22 அன்று இது முதன்முதலில் மேடையேறியதே நம் நியூ ஜெர்சியில்தான், பிரின்ஸ்டன் மெக்கார்ட்டர் அரங்கில். அப்புறம்தான் அந்த இன்னொரு செய்தி வந்தது. எல்இடி திரையை வாடகைக்கு எடுத்து விடியல், மலை, தேவாலயம் எல்லாம் காட்டப்போகிறீர்களாம். தயவுசெய்து வேண்டாம்.

வருஷக்கணக்காக உங்கள் செட்டுக்கு வர்ணம் அடிப்பவன் இதைச் சொல்வது வேடிக்கைதான். ஆனால் வைல்டர் எழுதிய முதல் குறிப்பே திரைச்சீலை இல்லை, காட்சி அமைப்பு இல்லை என்பது. ஸ்டேஜ் மேனேஜர் பாத்திரமே வந்து மேசை நாற்காலியை இழுத்துப் போடுகிறார். நம் தெருக்கூத்துக் கட்டியங்காரன்போல நேரே சபையோடு பேசுகிறார். பிறகு கொடி படரும் தட்டி இரண்டு மேடைக்கு வரும்போது, செட் இருந்தே தீர வேண்டும் என்கிறவர்களுக்காக என்று கிண்டலும் அடிக்கிறார். உங்கள் எல்இடி திரைக்கு முன்னால் நின்று அவர் இதைச் சொன்னால் சபை யாரைப் பார்த்துச் சிரிக்கும்?

பால்காரருடைய குதிரை கண்ணுக்குத் தெரியாது, பால் புட்டிச் சத்தம் மட்டும் கேட்கும். மாடி ஜன்னல்களுக்குப் பதில் இரண்டு ஏணி. கடைசி அங்கத்தில் இறந்துபோன நாயகி எமிலி தன் பன்னிரண்டாவது பிறந்தநாளுக்குத் திரும்பிப் போகிறாள். அம்மா காலைச் சமையலில் மும்முரமாக இருக்கிறாள். ஒரு நிமிஷம் என்னைப் பாரேன் என்று மகள் கெஞ்சுகிறாள். அடுப்பு இல்லை, சட்டி இல்லை, வெறும் கையசைவு. முதல் தடவை பார்த்தபோது எனக்கு அங்கே நாடகம் நடக்கும் நியூ ஹாம்ப்ஷயர் தெரியவில்லை. தோசை ஊற்றிக்கொண்டு நிற்கும் என் அம்மாவின் முதுகுதான் தெரிந்தது. நீங்கள் திரையில் ஒரு சமையலறையைக் காட்டிவிட்டால் அது யாரோ ஒருவர் வீடு. நான் எங்கே போய் நிற்பது?

2009இல் நியூயார்க்கில் இதே நாடகத்துக்கு இயக்குநர் டேவிட் குரோமர் நிஜ அடுப்பு வைத்து, பன்றி இறைச்சி வறுத்து, அரங்கம் முழுக்க வாசனை வர வைத்தாரே என்பீர்கள். சரி, வைத்தார். மூன்றாம் அங்கத்தில், இந்த ஒரு காட்சிக்கு மட்டும். இரண்டு அங்கம் பட்டினி போட்டுவிட்டுத்தான் பரிமாறினார். நீங்கள் வாசலிலேயே இலை போடுகிறீர்கள்.

அந்த வாடகைக் காசில் சத்தத்துக்கு ஒரு நல்ல ஆளைப் பிடியுங்கள். குளம்படி, புட்டி, சேவல் எல்லாம் மேடைக்குப் பின்னாலிருந்து அந்தந்த நொடியில் வரட்டும்.

சனிக்கிழமை ஒத்திகைக்கு ஏணி இரண்டையும் நானே கொண்டுவருகிறேன். ஒன்று கொஞ்சம் ஆடிக்கொண்டிருந்தது, ஆணி அடித்துவிட்டேன்.

அன்புடன்,
உங்கள் வர்ணக்காரன்