லைட்டை மட்டும் அணைத்துத் தர மாட்டோம்: பழைய கார் வைத்திருக்கும் வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். டேஷ்போர்டில் செக் இன்ஜின் லைட் எரிகிறது என்று வண்டியைக் கொண்டுவருகிறவர்கள் பலரும் முதலில் கேட்பது இதுதான்: "ஸ்கேனரைப் போட்டு அந்த லைட்டை மட்டும் அணைச்சுக் குடுத்துடுங்க." இனி காரணம் தெரியாமல் எந்த லைட்டையும் அணைப்பதில்லை என்று முடிவெடுத்திருக்கிறோம். வண்டியை விட்டுவிட்டு வேலைக்கு ஓடுகிற காலை நேரத்தில் இதை விளக்க முடிவதில்லை. அதனால்தான் இந்த மடல்.

சில மாதங்களுக்கு முன் 2011 மாடல் பெட்ரோல் கார் ஒன்று வந்தது. வேறு இடத்தில் மூன்று முறை லைட்டை அணைத்து வாங்கியிருந்தார்கள். ஒவ்வொரு முறையும் நாலைந்து நாளில் திரும்ப எரிந்திருக்கிறது. கடைசியில் ஆக்சிஜன் சென்சரையே புதிதாக மாற்றியும் லைட் போகவில்லை. ஸ்கேனரில் வந்த கோடு, அதாவது பழுதைக் குறிக்கும் குறியீட்டு எண், பி0171. இன்ஜினுக்குள் போகிற கலவையில் காற்று அதிகம், பெட்ரோல் குறைவு என்பது அதன் பொருள். எந்தப் பாகம் கெட்டது என்று அந்தக் கோடு சொல்வதில்லை. சைலன்சர் பைப்பில் இருந்து, புகையில் எவ்வளவு ஆக்சிஜன் மிஞ்சுகிறது என்று பார்க்கிற ஆக்சிஜன் சென்சர், தான் கண்டதை வண்டியின் கம்ப்யூட்டருக்குச் சொல்லியிருக்கிறது. அதைக் கழற்றி எறிந்தது எய்தவன் இருக்க அம்பை நொந்த கதைதான்.

நாங்கள் பார்த்தது ஃபியூயல் டிரிம் என்கிற அளவை. கலவையைச் சரிக்கட்டக் கம்ப்யூட்டர் எத்தனை சதவீதம் பெட்ரோலைக் கூட்டுகிறது, குறைக்கிறது என்பதை அது காட்டும். அந்த வண்டி ஐட்லிங்கில், அதாவது ஆக்சிலேட்டரை அழுத்தாமல் இன்ஜின் ஓடியபடி நிற்கும்போது கூட்டல் 22. ஆக்சிலேட்டரை அழுத்தி 2,500 ஆர்பிஎம்மில் நிறுத்தினால் கூட்டல் 4. இந்த வித்தியாசத்திலேயே பாதி விடை கிடைத்துவிட்டது. எங்கோ ஓட்டை வழியாகக் காற்று திருட்டுத்தனமாக நுழைந்தால், இன்ஜின் குறைவாக மூச்சு வாங்கும் ஐட்லிங்கில் அது பெரிய பங்காகத் தெரியும். வேகம் கூடினால் மொத்தக் காற்றில் அது ஒன்றுமில்லாமல் போய்விடும். பெட்ரோல் பம்ப் வலுவிழந்திருந்தால் இதற்கு நேர்மாறாக, வேகத்தில்தான் எண் ஏறும். புகையை உள்ளே செலுத்திக் கசிவைக் காட்டும் புகை மெஷினை வைத்துப் பார்த்ததில், இன்ஜினுக்குக் காற்றைப் பிரித்துக் கொடுக்கும் இன்டேக் மேனிஃபோல்டுக்குப் போகும் ரப்பர் ஹோஸின் அடிப்பக்கத்தில், கண்ணுக்குப் படாத இடத்தில் வெடிப்பு. ஹோஸ் சில நூறு ரூபாய்தான். கண்டுபிடிக்க ஒன்றரை மணி நேரம் ஆனது. அவர் ஏற்கெனவே சென்சருக்குச் செலவழித்தது பல ஆயிரம்.

இந்த இடத்தில் பெட்ரோலைப் பற்றியும் ஒரு வார்த்தை. இப்போது பங்க்குகளில் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்தது. பழைய 10 சதவீதக் கலவையோடு ஒப்பிட்டால், அதே அளவு காற்றுக்கு இதில் சுமார் 4 சதவீதம் கூடுதலாக எரிபொருள் வேண்டும். நல்ல நிலையில் இருக்கிற வண்டியில் கம்ப்யூட்டர் இதைத் தானே சமாளித்துக்கொள்ளும். ஆனால் எங்கோ சின்னக் கசிவை வைத்துக்கொண்டு எல்லைக்குச் சற்று உள்ளே ஓடிக்கொண்டிருந்த வண்டிக்கு இந்த 4 சதவீதம் போதும், லைட் எரிந்துவிடும். பழைய ரப்பர் ஹோஸ்களையும் சீல்களையும் முன்பைவிடச் சீக்கிரம் பார்க்க வேண்டியிருக்கிறது.

லைட்டை அணைத்தால் என்ன ஆகும் என்பதையும் சொல்லிவிடுகிறோம். கோடு பதிவானபோது வண்டி என்ன வேகத்தில் போனது, இன்ஜின் எவ்வளவு சூட்டில் இருந்தது, எவ்வளவு லோடு என்பதையெல்லாம் கம்ப்யூட்டர் கூடவே சேமித்து வைத்திருக்கும். எங்களுக்குக் கிடைக்கிற முதல் தடயம் அதுதான். அணைத்தால் அதுவும் அழியும். பேட்டரி வயரைக் கழற்றி மாட்டினாலும் பல வண்டிகளில் அதே கதிதான். பழுது மட்டும் அப்படியே இருக்கும். பல பழுதுகளை அடுத்தடுத்த இரண்டு ஓட்டங்களில் கண்ட பிறகே கம்ப்யூட்டர் லைட்டை எரியவிடும். அதனால்தான் அணைத்த மறுநாள் சரியாகிவிட்டது போலத் தோன்றி, நாலாம் நாள் திரும்ப எரிகிறது.

செல்போனோடு இணைக்கிற சின்ன ஸ்கேனர் வாங்கி வைத்திருக்கிறவர்கள் தாராளமாகக் கோடு எண்ணைப் படித்துக் குறித்துக்கொண்டு வாருங்கள். அதைப் பார்த்தவுடன் ஆன்லைனில் பாகத்தை வாங்கிவிட வேண்டாம். பல சின்னக் கருவிகள் ஏபிஎஸ்ஸையும் (பிரேக் பிடிக்கும்போது வீல் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் அமைப்பு) ஏர்பேக்கையும் படிப்பதில்லை. இன்னொன்று: இந்தியாவில் ஓபிடி, அதாவது வண்டியே தன் பழுதைக் கண்டு பதிந்துகொள்ளும் ஏற்பாட்டின் முதல் நிலை 2010 ஏப்ரலிலும் இரண்டாம் நிலை 2013 ஏப்ரலிலும்தான் கட்டாயமாயின. அதற்கு முந்தைய சில வண்டிகளில் ஸ்கேனருக்குக் கிடைப்பது கொஞ்சம்தான். மல்டிமீட்டரை எடுத்து வயர் வயராகப் பார்ப்பதைத் தவிர வேறு வழியில்லை.

எங்கள் கடை இருக்கிற சென்னை வேளச்சேரி, பள்ளிக்கரணைப் பக்கம் 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலின்போதும் தண்ணீரில் நின்ற வண்டிகள் ஏராளம். அப்போது இன்ஜினைக் காப்பாற்றிவிட்டோம் என்று நிம்மதியாக இருந்த வண்டிகளில், மாதங்கள் கழித்து ஒவ்வொரு லைட்டாக எரியத் தொடங்குகிறது. கார்ப்பெட்டுக்கு அடியில் ஓடும் வயரிங் கனெக்டருக்குள் பச்சை பூத்திருக்கும். சம்பந்தமே இல்லாத மூன்று நாலு லைட் ஒரே நேரத்தில் எரிந்தால் நாங்கள் முதலில் தேடுவது எர்த் வயரையும் பேட்டரி வோல்டேஜையும்தான். இன்ஜின் ஓடும்போது பெரும்பாலும் 13.8 முதல் 14.5 வோல்ட் வரை இருக்க வேண்டும். மழைக்காலத்தில் எலி கடித்த வயர்களும் நிறைய வருகின்றன. வண்டியைப் பல நாள் எடுக்காமல் விட்டிருந்தால் பானெட்டைத் திறந்து ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

ஏபிஎஸ் லைட்டைப் பொறுத்தவரை, வீல் பேரிங் மாற்றிய பிறகு எரியத் தொடங்கியதா என்று கட்டாயம் சொல்லுங்கள். சில பேரிங்குகளில் ஒரு பக்கத்து சீலில் காந்த வளையம் இருக்கும். வீல் சுற்றுவதைச் சென்சர் அதை வைத்துத்தான் அறிகிறது. பேரிங்கைத் திருப்பிப் போட்டுவிட்டால் வண்டி நன்றாகவே ஓடும், லைட் மட்டும் போகாது. இது தெரியாமல் சென்சரை இரண்டு தடவை மாற்றிய வண்டியும் எங்களிடம் வந்திருக்கிறது.

எங்களுக்கு உண்மையிலேயே கவலை தருவது சிவப்பு லைட்டோடு ஓட்டிக்கொண்டு வருகிறவர்கள்தான். ஆயில் லைட் காட்டுவது பெரும்பாலான வண்டிகளில் ஆயிலின் அளவை அல்ல, அழுத்தத்தை. ஓடும்போது அது எரிந்தால் ஓரமாக நிறுத்தி இன்ஜினை உடனே அணையுங்கள். "இன்னும் ரெண்டு கிலோமீட்டர்தானே" என்று வந்தால் இன்ஜினையே இறக்க வேண்டிவரும். டெம்பரேச்சர் லைட்டுக்கும் அப்படியே. சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறக்காதீர்கள். பிரேக் லைட் எரிந்தால் பிரேக் ஆயிலை ஊற்றி அணைத்துவிட வேண்டாம். பிரேக் பேடு தேய்ந்ததால் ஆயில் இறங்கியிருக்கலாம், இல்லை எங்காவது கசியலாம். மஞ்சள் செக் இன்ஜின் லைட் விடாமல் எரிந்தால் பதறாமல் ஓட்டி வரலாம். அதுவே விட்டுவிட்டு மின்னினால் மிஸ்ஃபயர், அதாவது இன்ஜினுக்குள் பெட்ரோல் சரியாக எரியவில்லை. எரியாத பெட்ரோல், புகையைச் சுத்தப்படுத்தும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்குள் போய்ச் சூடேற்றி அதைக் கெடுத்துவிடும். சில நூறு ரூபாய் ஸ்பார்க் பிளக்கோடு முடிந்திருக்க வேண்டியது பல ஆயிரத்தில் நிற்கும்.

கட்டணத்தைப் பற்றி. பழுதைக் கண்டுபிடிக்கிற நேரத்துக்கு இனி தனியாக வாங்குவோம். தொகையை வண்டியைத் தொடுவதற்கு முன்பே சொல்லிவிடுவோம். காரணம் தெரிந்த பிறகு உங்களுக்கு போன் செய்து, நீங்கள் சரி என்றால்தான் பாகம் வாங்குவோம். கழற்றிய பழைய பாகத்தை உங்கள் கையில் தருவோம். நாங்கள் சொன்ன காரணம் தவறாகி அதே கோடு திரும்ப வந்தால், மறுபடி தேடுவதற்குக் காசு கிடையாது.

வரும்போது லைட் எப்போது எரிந்தது, காலையில் எடுத்தவுடனா, ஏசி போட்டபோதா, மழையில் போனபிறகா, எந்த பங்க்கில் பெட்ரோல் போட்ட பிறகு என்று ஒரு துண்டுச்சீட்டில் எழுதி வந்தால் எங்களுக்குப் பெரிய உதவி. முடிந்தால் முந்தின நாள் மாலையே வண்டியை விட்டுவிட்டுப் போங்கள். காலையில் இன்ஜின் ஆறியிருக்கும்போது நாங்களே முதல் ஸ்டார்ட் செய்து பார்க்கிறோம்.

அன்புடன்,
ஒர்க்‌ஷாப் உரிமையாளரும் மெக்கானிக்குகளும்