செல்ஃப் 'டிக் டிக்' என்றால் உடனே புது பேட்டரியா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

மழைக்காலக் கார் பராமரிப்பு பற்றிய உங்கள் கட்டுரையில், 'சாவியைத் திருகும்போது டிக் டிக் சத்தம் மட்டும் வந்தால் பேட்டரியை மாற்றிவிடுங்கள்' என்று ஒரே வரியில் முடித்திருந்தார்கள். அதை நம்பி நல்ல பேட்டரியைக் கழற்றிக் கொடுப்பவர்கள் இருப்பார்கள் என்பதால் இதை எழுதுகிறேன்.

முதலில் சத்தத்தைக் காது கொடுத்துக் கேட்க வேண்டும். 'டிக்டிக்டிக்' என்று படபடப்பது ஒரு நோய். 'டக்' என்று ஒரே அடியோடு நிற்பது வேறொரு நோய். ஹெட்லைட்டைப் போட்டுவிட்டு சாவியைத் திருகினால் இன்னும் தெளிவாகும். விளக்கு செத்துப்போவதுபோல மங்கினால் பெரும்பாலும் பேட்டரியிலோ அதன் இணைப்பிலோ கோளாறு. 'டக்' சத்தம் கேட்டும் விளக்கு பளிச்சென்றே எரிந்தால், இஞ்சினைச் சுற்றவைக்கும் செல்ஃப் மோட்டாருக்குள் கரண்ட் பாயவில்லை.

படபடப்பு ஏன் வருகிறது? செல்ஃப் மோட்டாரின் மேலுள்ள சொலினாய்டை, அதாவது மோட்டாருக்குக் கரண்டைத் திறந்துவிடும் காந்த சுவிட்சை, இழுக்கக் குறைந்த கரண்ட் போதும். மோட்டார் சுற்றவோ சிறிய பெட்ரோல் காருக்கே 100 ஆம்பியருக்கு மேல் வேண்டும்; டீசலுக்கு இன்னும் அதிகம். சொலினாய்டு இழுத்ததும் அந்தச் சுமையில் வோல்ட் சரிகிறது, பிடி தளர்ந்து ஸ்பிரிங் பின்னால் தள்ளுகிறது, சுமை நீங்கியதும் வோல்ட் ஏறி மறுபடி இழுக்கிறது. நொடிக்குப் பலமுறை இதே கதைதான்.

டெர்மினல், அதாவது பேட்டரியின் ஈயக் கம்பத்தில் வயரின் கிளாம்ப் மாட்டும் இடம், சரியாகப் பிடிக்காவிட்டாலும் இதே சத்தம் வரும். ஆகவே பேட்டரிக் கடைக்குப் போகும் முன் பானெட்டைத் திறந்து கிளாம்பைக் கையால் திருகிப் பாருங்கள். ஒரு மயிரிழை அசைந்தாலும் லூஸ்தான். வெளியே சுத்தமாகத் தெரிந்தாலும், கழற்றினால் கிளாம்பின் உள்வட்டத்தில் கறுப்பாக ஒரு படலம் இருக்கும். வெள்ளையாகவோ பச்சையாகவோ பூத்திருந்தால், ஒரு டம்ளர் வெந்நீரில் ஒரு ஸ்பூன் சமையல் சோடா கலந்து, செல் மூடிகளுக்குள் இறங்காமல் ஊற்றிக் கழுவி, துடைத்து, உப்புத்தாளால் ஈயம் பளபளக்கும்வரை தேய்க்க வேண்டும். கழற்றும்போது நெகடிவ் முதலில், மாட்டும்போது கடைசியில். வரிசை மாறினால், பாசிடிவைத் திருகும் ஸ்பேனர் பாடியில் பட்டவுடன் ஷார்ட் ஆகும். இறுக்கிய பிறகு மேலே வாசலின் தடவலாம். கிளாம்ப் பெரிதாகிவிட்டால் இடையில் ஆணியைச் செருகி இறுக்கும் வழக்கம் நம்மிடம் உண்டு. தயவுசெய்து வேண்டாம், புது கிளாம்ப் போடுங்கள்.

அடுத்தது வோல்ட் அளக்கும் மல்டிமீட்டர். இரவு முழுக்க நின்ற வண்டியில் 12.6 வோல்ட் இருந்தால் முழு சார்ஜ், 12.2 என்றால் பாதி. ஆனால் இந்த அளவை மட்டும் வைத்துத் தீர்ப்பு சொல்லக்கூடாது. கியரை நியூட்ரலில் வைத்து, ஹேண்ட்பிரேக் போட்டு, ஒருவர் சாவியைத் திருக, இன்னொருவர் பேட்டரிக் கம்பத்திலேயே மீட்டரை வைத்துப் பார்க்க வேண்டும். முழு சார்ஜில் இருக்கும் பேட்டரி அப்போதும் 9.6 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால் அதன் காலம் முடிந்தது. சார்ஜ் குறைந்திருந்தால் 35 ஆம்பியர்-ஹவர் கொள்ளளவுள்ள பேட்டரியை 3, 4 ஆம்பியரில் நிதானமாக ஏற்றிவிட்டுத்தான் இந்தச் சோதனை. காலியான பேட்டரி வேறு, செத்த பேட்டரி வேறு.

இஞ்சின் ஓடும்போது மீட்டர் 13.8 முதல் 14.5 வோல்ட் வரை காட்ட வேண்டும். அது இல்லை என்றால் சார்ஜ் சரியாக ஏறவில்லை; அப்படியே புது பேட்டரி போட்டால் அதுவும் சில நாளில் படுத்துவிடும். வண்டி வாங்கிய பிறகு நாமே மாட்டிய கேமரா, அலாரம் போன்றவை வண்டி நிற்கும்போது அரை ஆம்பியர் இழுத்தாலே நாளுக்கு 12 ஆம்பியர்-ஹவர் போய்விடும். மூன்றாம் நாள் காலையில் டிக் டிக்தான்.

பேட்டரியின் நெகடிவை பாடியோடும் இஞ்சினோடும் இணைக்கும் எர்த் வயரை யாரும் பார்ப்பதில்லை. மீட்டரின் ஒரு முனையை நெகடிவ் கம்பத்திலும் மறு முனையை இஞ்சின் பிளாக்கிலும் வைத்துச் செல்ஃப் அடித்தால் 0.2 வோல்ட்டுக்கு மேல் காட்டக்கூடாது. காட்டினால் அந்த வயரோ அதன் போல்ட்டோ துருப்பிடித்திருக்கிறது.

ஒரே 'டக்' என்றால் பெரும்பாலும் சொலினாய்டுக்குள் இருக்கும் செம்புக் கான்டாக்ட் தேய்ந்திருக்கும், அல்லது மோட்டாருக்குள் சுழலும் பகுதியான ஆர்மேச்சருக்குக் கரண்ட் கடத்தும் கார்பன் பிரஷ் தீர்ந்திருக்கும். சாவியைத் திருகியபடி சொலினாய்டின் மோட்டார் பக்க போல்ட்டில் அளந்து பாருங்கள். 'டக்' கேட்டும் அங்கே வோல்ட் வரவில்லை என்றால் கான்டாக்ட். வந்தும் சுற்றவில்லை என்றால் பிரஷ் அல்லது ஆர்மேச்சர். பல மாடல்களில் கான்டாக்டையும் பிரஷ்ஷையும் தனியாக மாற்ற முடியும். செல்ஃப் முழுவதையும் வாங்கத் தேவையில்லை. சுத்தியலால் தட்டி ஸ்டார்ட் செய்வதும் ஆபத்து. இப்போதைய மோட்டார்கள் பலவற்றில் காந்தங்கள் ஒட்டித்தான் வைக்கப்பட்டிருக்கின்றன. பலமாகத் தட்டினால் உடையும்.

மழைக்காலக் கட்டுரையில் கட்டாயம் இருந்திருக்க வேண்டிய ஒன்று விடுபட்டுவிட்டது. 2015 டிசம்பர் வெள்ளத்திலும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலிலும் சென்னை வேளச்சேரி, பள்ளிக்கரணைப் பக்கம் கார்கள் மூழ்கின. அதுபோலத் தண்ணீரில் நின்ற கார், ஹெட்லைட் மங்க 'டக்' என்று முட்டி நின்றால், சிலிண்டருக்குள் தண்ணீர் போயிருக்கலாம். தண்ணீர் அமுங்காது, மேலும் செல்ஃப் அடித்தாலோ தள்ளி ஸ்டார்ட் செய்தாலோ பிஸ்டனைத் தள்ளும் கனெக்டிங் ராடு வளைந்துவிடும். பேட்டரி நெகடிவைக் கழற்றிவிட்டு டோ வண்டியைக் கூப்பிடுவதே சரி. பெட்ரோல் காரில் ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றித் தண்ணீரை வெளியேற்றி, ஆயில் மாற்றிய பிறகுதான் செல்ஃப் அடிக்க வேண்டும். தண்ணீர் புகுந்த இஞ்சினை ஸ்டார்ட் செய்ததால் வந்த சேதத்தைச் சாதாரண இன்சூரன்ஸ் பொதுவாக ஏற்காது; இஞ்சின் பாதுகாப்புக்குத் தனியாகக் கட்டியிருக்க வேண்டும்.

வடகிழக்குப் பருவமழை தொடங்கும் முன், இந்த வெள்ள எச்சரிக்கையையாவது உங்கள் வாகனப் பக்கத்தில் தனிக் கட்டம் கட்டி வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஆட்டோ எலக்ட்ரீஷியன் ஒருவர்,
மதுரை.