சித்தப்பாவின் டர்ன்டேபிளுக்கு ஒரு காட்ரிட்ஜ்

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

வணக்கம். நலம்தானே? உங்கள் இசைத்தட்டு பிளேயருக்கு என்ன காட்ரிட்ஜ் (முள்ளைத் தாங்கி, அதன் அசைவை மின்சாரமாக மாற்றும் சிறு பெட்டி) போடலாம் என்று போனில் நீங்கள் கேட்டதற்கு "பார்த்துச் சொல்கிறேன்" என்று வைத்துவிட்டேன். கம்பி நிறமும் கிராம் கணக்கும் போனில் சொன்னால் நிற்காது, அதனால்தான் எழுதுகிறேன். பரணிலிருந்து பிளேயரை இறக்கி வைத்துக்கொண்டு முழிக்கிற வேறு யாருக்காவது உதவட்டும் என்று பொதுவிலேயே போடுகிறேன். கோபித்துக்கொள்ளாதீர்கள்.

கடைக்காரர் சொன்ன தொகையை முதலில் மறந்துவிடுங்கள். சிங்கப்பூரிலிருந்து நீங்கள் சுமந்து வந்த டெக்னிக்ஸ் எஸ்எல்-1200 எம்கே2 நல்ல இயந்திரம். மோட்டார் சுற்றுகிறது, வேகம் ஒழுங்காக இருக்கிறது என்கிறீர்கள். போயிருப்பது டேபிளின் கையின் (டோன்ஆர்மின்) நுனியில் இருக்கும் ஷூர் எம்75 காட்ரிட்ஜ் மட்டும்தான் என்று நினைக்கிறேன். அதையும் உறுதி செய்துகொண்டு காசை வெளியே எடுப்போம்.

இடது பக்கம் பாட்டே வரவில்லை என்றீர்களே, அதற்கு ஒரு சோதனை. ஆம்ப்ளிஃபையரை அணைத்துவிட்டு, கையின் நுனியில் காட்ரிட்ஜைத் தாங்கும் ஹெட்ஷெல்லைக் கழற்றுங்கள். காட்ரிட்ஜின் பின்னால் நான்கு ஊசிகள், நான்கு மெல்லிய கம்பிகள். வெள்ளையும் நீலமும் இடதுக்கு, சிவப்பும் பச்சையும் வலதுக்கு. வெள்ளை இருந்த இடத்தில் சிவப்பையும், நீலம் இருந்த இடத்தில் பச்சையையும் மாற்றிச் செருகுங்கள். சித்தியின் புருவம் திருத்தும் இடுக்கி இதற்குக் கச்சிதம், ஆனால் கம்பியைப் பிடித்து இழுக்காமல் அதன் முனையில் இருக்கும் உலோகக் குழலைப் பிடியுங்கள். இப்போது மௌனம் வலது ஸ்பீக்கருக்குப் போய்விட்டால் காட்ரிட்ஜுக்குள் இருக்கும் காயில் (கம்பிச் சுருள்) அறுந்திருக்கிறது. இடதிலேயே நின்றால் காட்ரிட்ஜ் மேல் பழி போடாதீர்கள். கம்பியிலோ கையிலோ ஆம்ப்பிலோ கோளாறு. மல்டிமீட்டர் இருந்தால் வெள்ளை, நீலம் போகும் ஊசிகளுக்கு இடையே அளந்தும் பார்க்கலாம். நல்ல காயில் சில நூறு ஓம் காட்டும், அறுந்தது ஒன்றும் காட்டாது.

காயில் உயிரோடு இருந்தால் வேலை சுலபம். முள்ளை மட்டும் மாற்றினால் போதும். ஷூர் 2018ல் காட்ரிட்ஜ் தொழிலை விட்டே விலகிவிட்டது என்றாலும், ஜப்பானின் ஜிகோ போன்றவர்கள் எம்75க்கு இன்னும் முள் செய்கிறார்கள். 'ஒரிஜினல் ஷூர்' என்று ஆன்லைனில் பளபளவென்று விற்பதை மட்டும் தொடாதீர்கள், அதில் போலி ஏராளம். காயில் போயிருந்தால் அதைச் சரி செய்ய ஆள் தேடி அலைவது வீண். புதிது வாங்கிவிடலாம்.

சரி, எதை வாங்குவது? "இது டிஜே டேபிள் சார், டிஜே காட்ரிட்ஜ்தான் போடணும்" என்று கடையில் சொன்னார்களாம். டேபிள் டிஜேக்களிடம் பேர் வாங்கியது உண்மைதான். ஆனால் அவர்களுடைய காட்ரிட்ஜ், தட்டை முன்னும் பின்னும் தேய்க்கும்போது முள் துள்ளாமல் இருப்பதற்காகச் செய்யப்படுவது. பலவற்றை 3, 4 கிராம் அழுத்தத்தில் ஓட்ட வேண்டும். நீங்கள் நாற்காலியில் சாய்ந்து பாட்டுக் கேட்கிறவர். உங்களுக்கு எதற்கு அது?

என் சிபாரிசு ஆடியோ-டெக்னிகா ஏடி-விஎம்95இ. 2018ல் வந்தபோது அமெரிக்காவில் ஐம்பது டாலரை ஒட்டிய விலை. விலை குறைவு என்பதற்காக மட்டும் சொல்லவில்லை. உங்கள் டேபிளின் கைக்கு அது பொருந்துகிறது, அதுதான் காரணம்.

இந்தப் பொருத்தம் என்பதைக் கொஞ்சம் விளக்கிவிடுகிறேன், ஏனென்றால் கடையில் யாரும் இதைப் பேசுவதில்லை. முள்ளைத் தாங்குகிற ரப்பர் ஒரு ஸ்பிரிங் மாதிரி. கையும் காட்ரிட்ஜும் அதன் மேல் உட்கார்ந்திருக்கும் பாரம். இரண்டும் சேர்ந்து ஏதோ ஒரு அதிர்வெண்ணில் ஆடத்தான் செய்யும். அந்த ஆட்டம் 8 முதல் 12 ஹெர்ட்ஸுக்குள் விழுந்தால் நல்லது. அதற்குக் கீழே போனால் வளைந்த தட்டு கையைத் தூக்கித் தூக்கிப் போடும். மேலே போனால் பாட்டின் அடி ஓசையில் கலந்துவிடும். கணக்கு சின்னதுதான்: பாரத்தையும் அந்த ரப்பரின் நெகிழ்வையும் பெருக்கி, வர்க்கமூலம் எடுத்து, 159ஐ அதனால் வகுக்க வேண்டும். உங்கள் டேபிள் கையின் பயன்படு நிறை, அதாவது முள் உணரும் பாரம், 12 கிராம். விஎம்95இ 6.1 கிராம், திருகாணிகளோடு மொத்தம் 19 என்று வையுங்கள். ஜப்பான்காரர்கள் நெகிழ்வை 100 ஹெர்ட்ஸில் அளந்து 7 என்று போடுகிறார்கள். 10 ஹெர்ட்ஸுக்கு அது ஏறக்குறைய 12 ஆகும். விடை பத்தரை ஹெர்ட்ஸ் பக்கம் வருகிறது. இதைவிட நன்றாக வராது.

இதே கையில் ஆர்டோஃபோன் ஓஎம்10 போட்டால் நெகிழ்வு 25, விடை ஏழரைக்கு இறங்கிவிடும். நல்ல காட்ரிட்ஜ்தான், ஆனால் அதற்கு இன்னும் லேசான கை வேண்டும். உங்கள் தட்டுகளில் பாதி வெயில் பட்டு வளைந்தவை வேறு. பலரும் சொல்லும் 2எம் ரெட்டும் அதே ஆர்டோஃபோனுடையது. 5.5 மில்லிவோல்ட் தரும், 1.8 கிராமில் ஓடும், குறை சொல்ல ஒன்றுமில்லை. விலைதான் கூடுதல், அந்தக் கூடுதலுக்குக் காதில் எனக்கு ஒன்றும் கிடைக்கவில்லை.

விஎம்95 வரிசையில் பல முட்கள் உண்டு, உடல் ஒன்றுதான். சி என்பது கூம்பு முனை, இ என்பது நீள்வட்ட முனை, எம்எல் என்பது மைக்ரோலீனியர் என்ற இன்னும் மெல்லிய விளிம்புள்ள முனை. உங்கள் சினிமாத் தட்டுகளுக்கு சி போதாதா என்று கேட்பீர்கள். எல்பியின் வெளி விளிம்பில் முள்ளுக்கு அடியில் நொடிக்கு 51 செ.மீ. பள்ளம் ஓடுகிறது, அதன் கடைசிப் பாட்டில் அது 21 செ.மீ. ஆகிவிடும். அதே பாட்டை அவ்வளவு குறுகிய இடத்தில் நெருக்கி எழுதியிருப்பார்கள். உருண்ட முனை அந்த நெளிவுக்குள் நுழையாமல் மேலேயே வழுக்குகிறது, அதனால்தான் பாடகி 'ச' சொல்லும்போதெல்லாம் சீறல். நீள்வட்டம் அதைப் பெரும்பாலும் அடக்கிவிடும். எம்எல் இன்னும் சுத்தம். ஆனால் விலை பல மடங்கு. முதலில் இ போடுங்கள். அது தேய்ந்தபின் மனசிருந்தால் உடலைக் கழற்றாமலே எம்எல் முள்ளைச் செருகிக்கொள்ளலாம்.

ஒன்று மட்டும் எதிர்பார்க்காதீர்கள். அந்தக் காலத்து செராமிக் காட்ரிட்ஜ் பிளேயரில் கனத்த முள்ளால் உழுத தட்டை எந்த விலைக் காட்ரிட்ஜும் புதிதாக்காது. தாத்தாவின் 78 தட்டுகளையும் இதில் வைக்க வேண்டாம். அவற்றுக்கு இதைவிட அகலமான முனை வேண்டும், உங்கள் டேபிளில் அந்த வேகமும் இல்லை.

மாட்டுவது பெரிய வித்தையில்லை. இந்த உடலில் மரையே வெட்டியிருக்கிறது, அதனால் குட்டி நட்டைத் தரையில் தேடும் பாடு கிடையாது. மேலிருந்து திருகினால் போதும். திருகும்போது முள்ளை உருவித் தனியே வையுங்கள். மாட்டியபின் முள்ளின் நுனியிலிருந்து ஹெட்ஷெல்லின் பின்புற ரப்பர் வாஷர் வரை 52 மி.மீ. இருக்க வேண்டும். டேபிள் பெட்டியோடு வந்த பிளாஸ்டிக் அளவி இருந்தால் அதையே வையுங்கள். அப்புறம் கையின் பின்னால் இருக்கும் எதிர் எடையைச் சுற்றிக் கை அந்தரத்தில் மிதக்கும்படி செய்து, எண் வளையத்தைப் பூஜ்யத்துக்கு வைத்து, எடையோடு சேர்த்து 2க்கு (அதாவது 2 கிராம்) திருப்புங்கள். கை உள்ளே இழுபடாமல் தடுக்கும் ஆன்டி-ஸ்கேட்டிங்கும் 2.

ஆம்ப்ளிஃபையரின் பின்னால் 'போனோ' என்று எழுதிய துளை இருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால் காட்ரிட்ஜின் மெல்லிய சிக்னலைப் பெருக்கும் சின்ன போனோ ப்ரீஆம்ப் ஒன்றும் வாங்க வேண்டும், அந்தச் செலவையும் கணக்கில் வையுங்கள். காட்ரிட்ஜ் தரும் வெறும் 4 மில்லிவோல்ட்டை 'ஆக்ஸ்' துளையில் கொடுத்தால் கொசு பாடுவது போலத்தான் கேட்கும்.

இடுக்கிச் சோதனையின் முடிவை முதலில் சொல்லுங்கள், ஆர்டர் நான் போடுகிறேன். பார்சல் வந்ததும் நான்கு கம்பிகளையும் செருகி, திருகாணியை இறுக்குவதற்கு முன் ஒரு படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள். சித்திக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள், இடுக்கியையும் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

அன்புடன்,
உங்கள் அண்ணன் மகன்