பெட்டகமும் சாவியும் ஒரே பையில்

காரைக்குடி

அன்புள்ள குட்டைக்கு,

இங்கே நலம். ஒரு வாரமாக வாட்ஸ்அப்பில் நான் வாயே திறக்கவில்லை என்று மூஞ்சியைத் தூக்கி வைத்திருப்பாய். போனே இல்லையடி! போன செவ்வாய்க்கிழமை திருச்சியில் பறிகொடுத்துவிட்டேன். உன் முகவரி உன் பேத்தியின் திருவாதிரைப் புதுமைச் சடங்கு அழைப்பிதழில் கிடைத்தது. நம்பர் அச்சடித்திருந்த மூலையை எலி தின்றுவிட்டது. அதனால்தான் இந்தக் காகிதமும் பேனாவும்.

ஸ்ரீரங்கம் போய்விட்டுத் திரும்பும்போது நடந்தது. திருச்சி பேருந்து நிலையத்தில் காரைக்குடி வண்டி உள்ளே நுழைந்ததும் நாலு பக்கமிருந்தும் நெருக்கினார்கள். ஒரு கையில் பிரசாதப் பை, இன்னொரு கை கம்பியில். தோள்பையின் ஜிப் முதுகுப் பக்கம் இருந்தது. உட்கார்ந்து டிக்கெட்டுக்குக் கையை விட்டால் ஜிப் திறந்து கிடக்கிறது, போன் இல்லை. பர்ஸில் நாற்பது ரூபாயும் ஒரு திருநீற்றுப் பொட்டலமும்தான். மகளிருக்கு இலவசம் என்பது டவுன் பஸ்ஸுக்குத்தானே, இந்த வண்டிக்குச் செல்லாது.

பக்கத்தில் இருந்த பூக்காரம்மா பேசாமல் எனக்கும் சேர்த்து டிக்கெட் எடுத்தார். தன் போனையும் நீட்டி, "வீட்டுக்குப் பேசுங்கம்மா" என்றார். யார் நம்பரை அழுத்துவது? பெரியவன் நம்பர் ஒன்பதில் ஆரம்பிக்கும் என்பதோடு சரி. மகள் நம்பர் அதுவும் தெரியாது. மண்டைக்குள் பளிச்சென்று வந்த ஒரே நம்பர், நாம் ஒன்பதாம் வகுப்புப் படிக்கும்போது உங்கள் செக்காலை வீட்டில் இருந்த மூன்று இலக்க நம்பர்! சிரிப்பும் அழுகையும் சேர்ந்தே வந்தது. அந்த அம்மா திருமயத்தில் இறங்கிவிட்டார். பேரைக் கேட்கக்கூடத் தோன்றவில்லை எனக்கு.

ஊர் வந்து சேர்ந்து, எதிர்வீட்டு ஆச்சி காலண்டரின் பின்பக்கம் எழுதி வைத்திருந்த நம்பரைப் பார்த்துத்தான் மகனுக்குப் பேசினேன். அதற்குள் மணி பத்தரை. இதற்கு மேல்தான் கூத்தே. போனுக்கு ஒரு மடக்கு உறை போட்டிருந்தேன், தெரியுமல்லவா? அதற்குள்ளேயே ஏ.டி.எம். கார்டையும் சொருகி வைத்திருந்தேன். போனில் பூட்டு இருந்து என்ன பயன்? சிம்மைக் கழற்றி வேறு போனில் போட்டால் ஓ.டி.பி. அங்கே போகிறது. கார்டு எண்ணும் காலாவதித் தேதியும் கையில் இருந்தால் யு.பி.ஐ. ரகசிய எண்ணைப் புதிதாகவே வைத்துக்கொள்ளலாமாம். ராத்திரியே 5,000 போய்விட்டது. புதுப் போனில் பதிந்தால் முதல் 24 மணி நேரத்துக்கு அவ்வளவுதான் அனுப்ப முடியும் என்கிறான் மகன். இல்லாவிட்டால் பென்ஷன் பணம் மொத்தமும் போயிருக்கும். அவன்தான் சிம்மையும் கார்டையும் முடக்கி, 1930க்குப் பேசிப் புகார் பதிவு செய்தான். அந்தப் பணம் வரும்போது வரட்டும்.

எனக்கு எங்கள் தாத்தா, ஐயா நினைவுதான் வந்தது. பினாங்குக்குக் கொண்டுவிக்க, அதாவது தொழில் பார்க்கப் போகும்போது நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பல் ஏறுவார். கையில் வழிச்செலவுக்கு மட்டும்தான் காசு, அதையும் மூன்றாகப் பிரித்து மடியில் கொஞ்சம், பெட்டியில் கொஞ்சம், கூட வருகிற பங்காளியிடம் கொஞ்சம் என்று வைப்பாராம். பெரிய தொகையெல்லாம் உண்டியல் சீட்டுதான். இங்கே கட்டிவிட்டு அங்கே கடையில் வாங்கிக்கொள்வது. நடுக்கடலில் எவன் மடியைத் தடவினாலும் என்ன கிடைக்கும்? அவர் பேத்தி நான், பெட்டகத்தையும் சாவியையும் ஒரே பையில் போட்டுத் தோளில் மாட்டிக்கொண்டு திரிந்திருக்கிறேன்.

நீ காசிக்குப் போகப் போகிறாய் என்பதால்தான் இவ்வளவும் எழுதுகிறேன். முதலில் உன் மகனை உட்கார வைத்து சிம்முக்கு ஒரு பின் நம்பர் போடச் சொல். அப்புறம் வேறு போனில் சிம்மைப் போட்டாலும் அந்த எண்ணைக் கேட்கும். மூன்று தடவை தப்பாகப் போட்டால் பூட்டிக்கொள்ளும் என்பதால் நீயாக நோண்டாதே. *#06# அழுத்தினால் போனுக்கே உரிய பதினைந்து இலக்க எண் ஒன்று வரும். அதைக் காகிதத்தில் எழுதி வீட்டில் வைத்துவிட்டுப் போ. தொலைந்தால், போலீஸ் புகார் நகலோடு அரசாங்கத்தின் சஞ்சார் சாத்தி இணையதளத்தில் அந்த எண்ணைக் கொடுத்துத்தான் போனையே முடக்க வேண்டும். நான் அந்த எண்ணுக்காகப் பழைய பெட்டி, பில் என்று பரண் முழுக்கத் தேடினேன்.

கார்டு ஒரு பையில், போன் ஒரு பையில். 500 ரூபாய்த் தாள் நாலைந்து உன் தங்கச்சியிடம் இருக்கட்டும். விடுதிகளில் ஆதார் நகல் கேட்டால் முதல் எட்டு எண்ணை மறைத்த நகலைக் கொடு. ரயிலில் ஏதாவது என்றால் 139. காசியில் நம் நகரத்தார் சத்திரத்து முகவரியை இந்தியில் ஒரு சீட்டில் எழுதி வாங்கி முந்தானையில் முடிந்துகொள். போன் செத்துப்போனாலும் ரிக்‌ஷாக்காரனிடம் நீட்டலாம். கங்கையில் படகு ஏறினால் அந்த லைஃப் ஜாக்கெட்டைப் போட்டுக்கொள், அசிங்கமாக இருக்கிறது என்று கழற்றாதே. உன்னைத் தெரியும் எனக்கு. படித்துறைப் படமெல்லாம் திரும்பி வந்து போடு. சென்னையில் வீடு பூட்டிக் கிடப்பதை ஊருக்கே சொல்வானேன்? போலீஸ் ஸ்டேஷனில் மட்டும் சொல்லிவிட்டுப் போ.

இங்கே மழை. பட்டாலையில் இரண்டு இடத்தில் ஒழுகுகிறது, கொத்தனார் நாளை நாளை என்கிறார்.

திருச்சிப் பக்கம் பஸ் ஏறும்போதெல்லாம் பூக்கூடைகளைப் பார்த்துக்கொண்டே இருக்கிறேன், டிக்கெட் காசைத் தனியாக முடிந்து வைத்திருக்கிறேன்.

பதில் போடும்போது உன் நம்பரைப் பெரிய எழுத்தில் எழுது. மகன், மகள் நம்பர் இரண்டும் மனப்பாடம் ஆகிவிட்டது, மூன்றாவது உன்னுடையது.

உன்,
நெட்டை